கசிவை வியர்வை என்று சொல்லித் தட்டிக்கழித்தது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மார்பளவு வேடர்ஸில் (ஆற்றில் இறங்கி நின்று மீன்பிடிக்க அணியும் நீர்புகா உடை) கசிவு, உத்தரவாதக் கோரிக்கை நிராகரிப்பு

ஐயா / அம்மையீர்,

ஃபிளை ஃபிஷிங்குக்காக (செயற்கைப் பூச்சியைத் தூண்டிலில் கட்டி மீன்பிடிப்பது) உங்களிடம் வாங்கிய, தண்ணீரை உள்ளே விடாமல் வியர்வை ஆவியை வெளியே விடும் காற்றோட்டத் துணியாலான மார்பளவு வேடர்ஸ் கவட்டுத் தையலில் கசிகிறது. உத்தரவாதத்தின்கீழ் மாற்றித் தரக் கேட்டதற்கு, "அது உடல் வியர்வை குளிர்ந்து படிந்த ஈரம், பொருளில் குறை இல்லை" என்று உங்கள் பிரிவிலிருந்து பதில் வந்தது. பொருளை அனுப்பச் சொல்லவில்லை, ஒரு புகைப்படம்கூடக் கேட்கவில்லை. பார்க்காமலே எழுதிய தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

வியர்வை ஈரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கரையில் வெகுதூரம் நடந்த பிறகு அது இரு கால்களிலும் மெல்லிய படலமாகப் பரவும். எனக்கு நனைவது வலது தொடையின் உட்புறமும் அந்தக் காலின் காலுறையும் மட்டுமே. முழங்கால் ஆழத்தில் நிற்கும்வரை எல்லாம் உலர்ந்திருக்கிறது. தண்ணீர் கவட்டைத் தொட்டதும் நனையத் தொடங்குகிறது. ஆற்றின் ஆழம் பார்த்து, அதுவும் ஒரு காலில் மட்டும், வியர்வை சுரக்கும் என்று உங்கள் ஊழியர் நம்பினால் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

ஆனாலும் சோதித்துப் பார்த்தேன். வேடர்ஸை உள்வெளியாகத் திருப்பி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்தேன். ஊசித்துளை இருந்தால் அந்த இடம் கருத்த புள்ளியாகத் தெரியும். துணியில் ஒரு புள்ளியும் இல்லை. ஆகவே முள் கிழித்தது, பாறை உரசியது என்ற பேச்சுக்கு இடமில்லை. பிறகு காலுக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டேன். கவட்டில் தையல்கள் ஒன்றுகூடும் இடத்தில் சொட்டியது. அங்கே தையலை மூடும் பட்டை உரிந்து எழும்பி நிற்கிறது. புகைப்படங்களை இணைத்துள்ளேன்.

பட்டை ஏன் உரிந்தது என்பதற்கும் உங்கள் அளவு அட்டவணையே காரணம். அது உயரத்தையும் எடையையும் மட்டும் கேட்கிறது. வேடர்ஸுக்கு முதலில் வேண்டியது உட்கால் நீளம், அதாவது கவட்டிலிருந்து பாதம் வரையான அளவு. அதையும் குளிருக்கு உள்ளே அணியும் தடித்த உடையோடு அளக்க வேண்டும். உட்கால் நீளம் போதாவிட்டால், பாறை மேல் காலைத் தூக்கி வைக்கும்போதும் மீனை விடுவிக்க மண்டியிடும்போதும் இழுவை முழுவதும் கவட்டுத் தையலில் விழுகிறது. என் உயரத்துக்குக் கால்கள் சற்று நீளம் என்பதால், நீண்ட கால் அளவு வேண்டுமா என்று வாங்கும் முன்பே எழுதிக் கேட்டேன். "அட்டவணைப்படி எடுங்கள், போதும்" என்ற உங்கள் பதில் என்னிடம் இருக்கிறது. வேடர்ஸோடு இணைந்த காலுறைப் பகுதிக்கும் இதே கதைதான்: பாத அளவை யாரும் கேட்கவில்லை. அது பெரிதாக இருந்தால் பூட்ஸுக்குள் மடிந்து தேயும். சிறிதாக இருந்தால் விரல்களை நெருக்கி ரத்த ஓட்டத்தைக் குறைத்து, குளிர்ந்த நீரில் பாதத்தை மரத்துப்போகச் செய்யும்.

உங்கள் பதிலில் என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது கடைசி வரி: "ஈரம் தொந்தரவாக இருந்தால் எங்கள் நியோப்ரீன் மாடலை வாங்கலாம்." நியோப்ரீன் மூடிய குமிழ்களாலான ரப்பர் நுரை. உறைபனி நீரில் அசையாமல் நிற்பவருக்கு அந்தக் கதகதப்பு வரம். ஆனால் நீராவி அதன் வழியே வெளியேறாது. நடந்தால் வியர்வை உள்ளேயே தேங்கும். அதாவது, வியர்வைதான் சிக்கல் என்று நீங்களே முடிவு செய்துவிட்டு, வியர்வையை அடைத்து வைக்கும் பொருளை எனக்கு விற்கப் பார்க்கிறீர்கள். காற்றோட்டத் துணியும் மந்திரம் அல்ல. உள்ளே வெப்பமும் ஈரமும் வெளியைவிடக் கூடுதலாக இருந்தால்தான் நீராவி வெளியே நகரும். இதை வாங்குபவருக்கு விளக்குவது உங்கள் வேலை.

(இன்னொன்று: உங்கள் தேர்வு வழிகாட்டி ஃபெல்ட் (அழுத்திய நார்த்துணி) அடி பூட்ஸை "உலகின் எந்த ஆற்றுக்கும்" என்று புகழ்கிறது. டிடிமோ என்ற ஆற்றுப் பாசி ஃபெல்ட்டில் ஒட்டிக்கொண்டு பரவுவதைத் தடுக்க நியூசிலாந்து 2008இலேயே மீன்பிடிப்பவர்களுக்கு ஃபெல்ட் அடியைத் தடைசெய்துவிட்டது. அந்த வரியை நீக்குங்கள்.)

நான் கேட்பது இதுதான். இதே மாடலில் நீண்ட கால் அளவை, என் உட்கால் நீளத்தையும் பாத அளவையும் கேட்டறிந்து, மாற்றி அனுப்புங்கள். அந்த அளவு உங்களிடம் இல்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. ஒட்டிக்கொள்ளப் பசை அனுப்ப வேண்டாம்; அது ஊசித்துளைக்குச் சரி, உரியும் தையல் பட்டைக்குத் தீர்வாகாது. மீண்டும் மறுப்பதானால், வேடர்ஸை நேரில் பரிசோதித்த ஒருவர் காரணத்தை எழுத்தில் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், தையல் புகைப்படங்கள், அளவு குறித்த உங்கள் பதில்