“வயதானால் வரும்” என்று சொல்ல டாக்டர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதிலில் 68 வயது வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அதுவரை தலைவலி என்றால் என்னவென்றே அறியாதவராம். சில வாரங்களாக ஒரு பக்க நெற்றிப்பொட்டில் வலி, தலை சீவினால் சீப்பு பட்ட இடமெல்லாம் வலிக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். உங்கள் டாக்டர் மூன்றே வரியில் முடித்துவிட்டார். வயதானால் இப்படி வருவது இயல்புதானாம். கவலையைக் குறைத்து நன்றாகத் தூங்க வேண்டுமாம். தேவைப்பட்டால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமாம்.

ரொம்ப நன்றி. இதைச் சொல்ல எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் எம்.டி. படித்தவர்கள் இல்லை.

தங்களுக்குத் தெரியாததா? 50 வயதுக்கு மேல் புதிதாக ஒரு தலைவலி கிளம்பினால் அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம். இளவயது முதல் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு வயதாக ஆகப் பெரும்பாலும் அது குறைந்துகொண்டுதான் வரும். அறுபத்தெட்டில் புதிதாக வருகிறது என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டாமா?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் நாத்தனாருக்கு இதே பொட்டுவலிதான் வந்தது. தலையணையில் அந்தப் பக்கம் சாய முடியாது. சப்பாத்தியை நாலு வாய் மென்றால் தாடை கடுத்துப்போகும், கொஞ்சம் நிறுத்தினால் சரியாகிவிடும். பல் டாக்டர் பல்செட்டை ராவிக் கொடுத்தார். கண்ணாடிக் கடையில் பவர் மாற்றினார்கள். வழக்கமாகப் போகிற டாக்டரோ, “எழுபத்து மூணு வயசாச்சும்மா, இன்னும் என்ன எதிர்பார்க்கிறீங்க?” என்று சிரித்தார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். டாக்டர் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும் அல்லவா?

அப்புறம் ஒருநாள் வலது கண்ணைத் திரை போட்டது போல ஏதோ மறைத்து, சில நிமிடங்களில் விலகியது. அசதி என்றார்கள். அடுத்த சில நாட்களில் காலையில் எழுந்தவருக்கு அந்தக் கண்ணில் வெளிச்சமே தெரியவில்லை.

தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு சின்னப் பெண், படிப்பு முடித்து அதிக நாள் ஆகியிருக்காது, அக்காவின் பொட்டில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். “மெல்லும்போது தாடை வலிக்குதா பாட்டி?” என்று கேட்டாள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பொட்டில் ஓடும் ரத்தக்குழாய் தடித்துப் போயிருந்தது. உடம்பில் அழற்சி இருந்தால் ஏறிக் காட்டும் ஈ.எஸ்.ஆர். என்கிற சாதாரண ரத்தப் பரிசோதனை, எந்த ஊர் லேபிலும் செய்வது, அதில் அளவு நூறைத் தாண்டி எகிறியிருந்தது. ஜெயண்ட் செல் ஆர்டரைட்டிஸ் என்று பெயர் சொன்னாள். ரத்தக்குழாயின் சுவர் அழன்று வீங்கிக் கண் நரம்புக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடுமாம். 50 வயதுக்குக் கீழே இது வருவதே இல்லை என்று சொல்லலாமாம். சதைத்துணுக்கு எடுத்துப் பார்ப்பதற்குக்கூடக் காத்திருக்காமல் அன்றைக்கே ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். தாமதித்தால் சில நாட்களிலேயே மற்றக் கண்ணும் போகக்கூடும் என்று சொன்னார்கள். இடது கண் தப்பியது. வலது கண் போனது போனதுதான். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து, அதற்கெல்லாம் தனியாக மருந்து சாப்பிட்டுக்கொண்டு அக்கா இன்று ஒரு கண்ணால் உங்கள் இதழைப் படிக்கிறார். அந்த மூன்று வரியை எனக்கு வாசித்துக் காட்டியதும் அவர்தான்.

இந்த நோய் அபூர்வம் என்று உங்கள் டாக்டர் பதில் எழுதலாம். வட ஐரோப்பாவில் இருக்கும் அளவுக்கு நம் நாட்டில் இல்லை என்பது எனக்கும் தெரியும். நான் ஒன்றும் எல்லாத் தலைவலியையும் பூதமாக்கவில்லை. பலருக்குக் கழுத்து எலும்பு, கண், தூக்கம் என்று காரணம் சாதாரணமாகவே இருக்கும். ஆனால் சீப்பு பட்டால் வலிக்கிறது என்று ஒரு பெண்மணி தானாகவே எழுதியிருக்கிறாரே! இதைவிட வேறென்ன துப்புக் கொடுக்க வேண்டும்? சமீபத்தில் விழுந்தீர்களா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றாவது கேட்டிருக்கலாம். லேசாக இடித்துக்கொண்டதில்கூட மண்டைக்குள் ரத்தம் கசிந்து, வாரக்கணக்கில் சேர்ந்து, வெறும் தலைவலியாக வெளியே தெரியும். நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரேட் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். தூக்கத்தில் எழுப்பிவிடுகிற ஒரு தலைவலியும் உண்டு, அதுவும் பெரும்பாலும் ஐம்பதுக்கு மேல்தான் வரும். படுக்கும் முன் ஒரு காபி குடித்தால் சிலருக்கு அது அடங்கிவிடுகிறதாம். டெல்டாக்காரர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா? அதையாவது போட்டிருக்கலாம்.

வலி மாத்திரையாம்! எங்கள் எதிர்வீட்டுத் தலைமையாசிரியரைக் கேளுங்கள். மெடிக்கலில் பெயர் சொல்லி வாங்கி மாதத்தில் பாதி நாள் போட்டார். அந்த மாத்திரையே அவருக்குத் தினசரித் தலைவலியாக மாறிவிட்டது. மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் சாதாரண வலி மாத்திரை போட்டால் இப்படி ஆகும் என்று பிறகு நரம்பியல் டாக்டர் விளக்கினார். பல மருந்து கலந்த கூட்டு மாத்திரைகளுக்கு மாதம் பத்து நாளே போதுமாம். டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகள் வயதானவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் என்ன செய்யும் என்பது வேறு கதை. அவருக்கே இன்னொரு டாக்டர், ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கத் தரும் ஃப்ளூனரிசின் மாத்திரையை எழுதிக்கொடுத்து, நிறுத்தச் சொல்ல யாருமில்லாமல் வருஷக்கணக்கில் ஓடி, கை நடுக்கம் வந்துவிட்டது. நடுக்கத்துக்குத் தனி மாத்திரை! ஃப்ளூனரிசினை நிறுத்திய பிறகுதான் நடுக்கம் மெல்லக் குறைந்தது.

உங்கள் இதழுக்கு முதியவர்கள் என்றால் யார் என்பது எனக்கு முன்பே தெரிந்ததுதான். முதியோர் சிறப்பிதழ் போட்டீர்கள். அட்டையில் வெள்ளைத் தலையோடு தம்பதி சிரிக்கிறார்கள். உள்ளே ஆன்மிகச் சுற்றுலா, வைப்புநிதி வட்டி, மருமகளோடு அனுசரித்துப் போவது எப்படி! உடம்பைப் பற்றி ஒரே பக்கம், அதற்கு எதிரே முழுப்பக்கத் தைல விளம்பரம். அதைக் கண்டித்து நான் எழுதிய கடிதத்தில் முதல் வரியை மட்டும் எடுத்து, “சிறப்பிதழ் அருமை” என்று என் பெயரோடு போட்டீர்கள். என் உறவினர்கள் போன் செய்து பாராட்டினார்கள். குறுக்கெழுத்தின் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. சரி, அது போகட்டும்.

முதியோர் மருத்துவ நிபுணர் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-லேயே சென்னை பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். அப்படிப்பட்ட ஊரில் அச்சாகும் பத்திரிகை இன்றைக்கும் “வயதானால் வரும்” என்று பதில் போடுகிறது. இதே பதிலை முப்பது வயதுக்காரருக்கு எழுதுவாரா உங்கள் டாக்டர்? அவருக்கு ஸ்கேன், நமக்குத் தூக்கம்.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் அதே பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி, எந்தெந்தத் தலைவலிக்கு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். தைல விளம்பரத்துக்குக் கீழே வேண்டாம். இந்தக் கடிதத்தை நீங்கள் எப்படி வெட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வாசகியின் முகவரியோ போன் நம்பரோ உங்கள் அலுவலகத்தில் இருக்கும். இதழ் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே யாரையாவது பேசச் சொல்லி, ஈ.எஸ்.ஆர். பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். தாடை வலிக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மன்னார்குடி.