எட்டு பென்ஸ் வாளி

அன்புள்ள வக்கீலுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை அறுவை முடிந்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் பதில் தாமதம். இப்போது நாளிதழின் பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. கூரை மூலையில் தொங்கும் ஒட்டடையும் தெரிகிறது. அதை வாய்விட்டுச் சொல்லி வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

படிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் கையில் கிடைத்தது, சரித்திரம் படிக்கும் பேத்தி விட்டுப்போன கடற்கொள்ளையர் சமாசாரம். பத்து நாளாக ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்: வில்லியம் கிட். ஒற்றைக் கண், கட்டைக்கால், தோளில் கிளி எதுவும் கிடையாது. ஸ்காட்லாந்துக்காரன், நியூயார்க்கில் வசதியான விதவையை மணந்து, வீடு வாசல் என்று மரியாதையாக வாழ்ந்தவன். அவன் கதை உனக்குத்தான் ருசிக்கும், ஏனென்றால் அது கடலில் முடியவில்லை, கோர்ட்டில் முடிந்தது.

அந்தக் காலத்தில் போர் வந்தால் அரசே தனியார் கப்பல்களுக்குப் பத்திரம் எழுதிக்கொடுக்கும்: எதிரி நாட்டுக் கப்பலைப் பிடி, கிடைத்ததைப் பங்கு போட்டுக்கொள் என்று. பத்திரம் இருந்தால் ராஜசேவை, இல்லாவிட்டால் தூக்குமரம். செய்கிற வேலை என்னவோ ஒன்றுதான். அதுவும் எல்லாருக்கும் ஒரே நியாயமில்லை. ஸ்பெயினோடு சமாதானம் ஆன பிறகும் 1671இல் பனாமா நகரைச் சூறையாடினான் ஹென்றி மோர்கன். அவனைப் பிடித்து லண்டனுக்குக் கொண்டுபோய், கடைசியில் 'சர்' பட்டமும் ஜமைக்காவின் துணை ஆளுநர் பதவியும் கொடுத்து அனுப்பினார்கள்!

கிட்டுக்கு இரண்டு பத்திரங்கள். ஒன்று பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க, இன்னொன்று கொள்ளையரைப் பிடிக்க. முதல் போட்டவர்களில் பெல்லோமாண்ட் பிரபுவோடு ஆளும் விக் கட்சியின் பெரிய தலைகளும் உண்டு. அவர்கள் பெயர் மட்டும் வெளியே வராமல் பார்த்துக்கொண்டார்கள். மன்னர் மூன்றாம் வில்லியமுக்குப் பத்தில் ஒரு பங்கு. கப்பலின் பெயர் அட்வெஞ்சர் காலி (Adventure Galley). 34 பீரங்கி, காற்று விழுந்தால் தள்ளத் துடுப்புகள். மாலுமிகளுக்குச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. பிடிபட்டால் பங்கு, இல்லாவிட்டால் வெறும் கை.

1697 முழுக்க இந்தியப் பெருங்கடலில் ஏறக்குறைய வெறும் கைதான். கப்பல் ஒழுகுகிறது, ஆட்கள் முணுமுணுக்கிறார்கள், எதிரே வரும் கப்பலை எல்லாம் அடிப்போம் என்கிறார்கள். அக்டோபர் கடைசியில் ஒருநாள் பீரங்கிக்காரன் வில்லியம் மூர் மேல்தளத்தில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். வாக்குவாதம் முற்றி கிட் அவனை நாய் என்றான். நான் நாய் என்றால் என்னை நாயாக்கியது நீதான், என்றான் மூர். இரும்புப் பட்டை போட்ட மரவாளி ஒன்று கிடந்தது. அதை எடுத்து ஒரே அடி. மறுநாள் ஆள் செத்துப்போனான். குற்றப்பத்திரிகையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? வாளியின் மதிப்பு எட்டு பென்ஸ்! ரெக்கார்டு ரூமில் முப்பது வருஷம் தூசி தின்றவன் நான். அந்த வரியை எழுதிய குமாஸ்தாவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

1698 ஜனவரி 30ஆம் தேதி, கொச்சிப் பக்கம் குவேதா மெர்ச்சன்ட் என்ற பெரிய கப்பல் வந்தது. பட்டு, மஸ்லின், சர்க்கரை, அபின், வெடியுப்பு எல்லாம் ஏற்றியது. சரக்கில் பெரும்பகுதி ஆர்மீனிய வியாபாரிகளுடையது. அன்றைக்கு வியாபாரக் கப்பல்கள் பல நாட்டுக் கடவுச்சீட்டுகளை வைத்துக்கொண்டு, எதிரே வருகிறவன் கொடியைப் பார்த்துச் சீட்டை நீட்டும். அது தெரிந்துதான் கிட் பிரெஞ்சுக் கொடி ஏற்றினான். அங்கிருந்து கிழட்டுப் பிரெஞ்சுக்காரன் ஒருவன் கேப்டன் வேஷத்தில் வந்து பிரெஞ்சுச் சீட்டை நீட்டினான். உடனே கிட் இங்கிலீஷ் கொடியை ஏற்றிவிட்டான். சீட்டுப்படி அது எதிரிக் கப்பல். ஆனால் உண்மையான கேப்டன் ஓர் ஆங்கிலேயன். சரக்கில் முகலாய தர்பார் பிரபு ஒருவருக்கும் பங்கு. அவுரங்கசீப்பின் ஆட்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கழுத்தில் கத்தி வைத்தார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்புதான் ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயக் கொள்ளையன் அவருடைய கஞ்ச்-இ-சவாய் கப்பலைச் சூறையாடியிருந்தான், அவன் அகப்படவேயில்லை. இந்த முறை யாரையாவது தூக்கில் போட்டாக வேண்டும்.

கிட் ஊர் திரும்பியதும் பாஸ்டனில் அவனைக் கைது செய்தது, அப்போது அங்கே ஆளுநராக இருந்த அதே பெல்லோமாண்ட். குவேதா மெர்ச்சன்ட், அதற்கு முன் பிடித்த இன்னொன்று என்று இரண்டு கப்பல்களின் பிரெஞ்சுச் சீட்டுகளையும் கிட் நம்பி அவரிடமே ஒப்படைத்திருந்தான். அவை லண்டன் போய்ச் சேர்ந்தன, நாடாளுமன்றத்திலும் வைக்கப்பட்டன. 1701 மே மாதம் விசாரணையில் அவன் கேட்டபோதோ, காணவில்லை! எதிர்சாட்சி சொன்ன இரண்டு மாலுமிகளுக்கு மன்னிப்பு உண்டு. குற்றம் நடந்ததா இல்லையா என்பது பற்றி வக்கீல் வாய் திறக்கக்கூடாது என்பது அன்றைய சட்டம். நீயாக இருந்தால் மூச்சடைத்தே போயிருப்பாய். முதலில் வாளிக் கொலை, பிறகு கொள்ளை. மே 23ஆம் தேதி தேம்ஸ் கரையில் தூக்கு. முதல் தடவை கயிறு அறுந்து சேற்றில் விழுந்தான்; மறுபடி ஏற்றினார்கள். பிணத்துக்குத் தார் பூசி, இரும்புக் கூண்டில் டில்பரி முனையில் தொங்கவிட்டார்கள், போகிற வருகிற கப்பல்காரர்கள் பார்க்கட்டும் என்று.

சீட்டுகள் இருநூறு வருஷம் கழித்து அகப்பட்டன. எங்கே? லண்டனில், அரசு ஆவணக் கட்டுகளுக்குள். ஓய்வு பெற்றபோது என் பணிப்பதிவேட்டில் ஒரு தாள் இல்லை என்று ஏழு மாதம் அலைந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் வேறொருவர் கோப்பில் செருகியிருந்தது. அதனால் அந்தச் சீட்டுகளை யாரோ வேண்டுமென்றே ஒளித்தார்கள் என்று எல்லாரும் அடித்துச் சொல்லும்போது நான் பாதிதான் நம்புகிறேன். மீதிப் பாதியை நீ சொல்.

சீட்டு இருந்தால் மட்டும் கிட் தப்பியிருப்பானா? வாளிக் கொலை நிற்குமே. கோபத்தில் ஒரே அடி, முன்திட்டம் இல்லை என்று நீ வாதாடுவாய், தெரியும். அடுத்த மாதம் கல்யாணத்துக்கு வரும்போது பேசுவோம். வரும்போது உங்கள் ஊர் முறுக்கு மறக்காதே. எனக்கில்லை, சர்க்கரை இல்லாத பேத்திக்கு.

அன்புடன்,
உன் ரெக்கார்டு ரூம்காரன்