கணுக்கால் காசநோய் அறுவையில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். கணுக்கால் எலும்பில் காசநோய் வந்து அறுவை செய்துகொண்டவர்கள் நடக்கத் தொடங்கியதும் எங்களைத் தேடி வந்து நன்றி சொல்கிறார்கள். அந்த நன்றியில் பெரும்பங்கு உங்களுக்குரியது என்பதால் இந்த மடல்.

ஆறாத சுளுக்கு என்று விட்டுவிடாமல், வீக்கத்தைச் சந்தேகப்பட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்ன மருத்துவர்களே, மூட்டு அரிக்கப்படும் முன் நீங்கள் கண்டுபிடித்த பலருக்கு மருந்தே போதுமானதாக இருந்தது.

ஆய்வகத் தோழர்களே, எடுத்த திசு முழுவதையும் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளராது. ஒரு பங்கை மட்டும் ஃபார்மலினிலும், மறுபங்கைக் கிருமிநீக்கிய சலைனிலும் வாங்கி வைத்தீர்கள். எலும்புக் காசநோயில் கிருமிகள் சொற்பம் என்பதால் அவை வளர நாளாகும். கல்ச்சர் முடிவுக்கு 6 வாரம்வரை பொறுத்திருந்து, எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று சொன்னதே சிகிச்சைக்கு வழிகாட்டியது.

அறுவை அரங்கச் செவிலியர்களுக்கும் மயக்க மருத்துவர்களுக்கும் நன்றி. சீழ் பிடித்த காலில் ரப்பர் பட்டையை இறுக்கிச் சுற்றி ரத்தத்தை மேலேற்றினால் கிருமியும் பரவக்கூடும். அதனால் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் டூர்னிகே பட்டையைக் கட்டுமுன், ரத்தம் வடிய காலைச் சில நிமிடம் உயர்த்திப் பிடிப்பதை நீங்கள் ஒருமுறைகூட மறந்ததில்லை.

மாவுக்கட்டு போடும் அண்ணன்மார்களுக்குத் தனி நன்றி. குருத்தெலும்பு அழிந்த மூட்டில் செத்த எலும்பைச் சுரண்டி, இடுப்பெலும்புத் துண்டுகளை வைத்து, எலும்புகள் ஒன்றாகச் சேர ஸ்குரூவால் இணைத்துவிடுகிறோம். பாதம் காலுக்குச் செங்குத்தாக, குதிகால் சுமார் 5 டிகிரி வெளிப்புறம் சாய்ந்து நிற்க வேண்டும். பாதம் கீழ்நோக்கி ஒட்டிக்கொண்டால் நடக்கும்போது முழங்கால் பின்னுக்கு வளையும். குதிகால் உள்ளே திரும்பினால் பாதத்தின் வெளி ஓரம் காய்த்து வலிக்கும். ஸ்குரூ போட்டாலும் எலும்பு சேரும்வரை அந்த நிலையைக் காப்பது உங்கள் கட்டுதான்.

குடும்பத்தினரே, 6 முதல் 8 வாரம் கால் ஊன்றவிடாமல் பார்த்துக்கொண்டீர்கள். காயம் ஆறிய பின்னும் மாத்திரையை நிறுத்தவிடாமல் 12 மாதத்துக்கு மேலும் கொடுத்து வந்தீர்கள். எதாம்புடால் என்ற காசநோய் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போனதை அன்றே தெரிவித்த உங்களால்தான் மருந்தை உடனே மாற்ற முடிந்தது.

இப்படிக்கு,
எலும்பு அறுவைக் குழுவினர்