டியூட்டி லிஸ்டில் ‘புதுசு-2’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நர்ஸ் பற்றாக்குறை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எத்தனை இடம் காலி, எத்தனை பேரை எடுக்கப் போகிறார்கள் என்கிற கணக்குதான் வருகிறது. எடுத்தவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் அதே வார்டில் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் உலகம் முழுக்க 2 கோடியே 98 லட்சம் நர்ஸ்கள், பற்றாக்குறை 58 லட்சம். இந்த ஓட்டைப் பானையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது என்பதை வார்டில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். இப்போது ஒரு மெடிக்கல் வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பெண் எங்களிடம் சேர்ந்தாள். படிப்பு முடித்ததும் கிடைத்த முதல் வேலை. நாலாவது மாதம் ராஜினாமா கடிதத்தோடு என் மேஜை முன்னால் வந்து நின்றாள். சம்பளமா என்று கேட்டேன், இல்லை என்றாள். நைட் டியூட்டி ஒத்துக்கொள்ளவில்லையா, அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த டியூட்டி லிஸ்டைக் காட்டினாள். எல்லார் பெயரும் பேனாவில் இருந்தது. கடைசி வரியில் மட்டும் பென்சிலில் ‘புதுசு-2’. எழுதியது நான்தான். அவள் சேர்ந்த வாரம் பெயர் சரியாகத் தெரியாமல் அப்படி எழுதினேன், அப்புறம் மாதாமாதம் பழைய லிஸ்டைப் பார்த்துப் புது லிஸ்ட் போடும்போது அதையும் அப்படியே இறக்கிக்கொண்டே வந்திருக்கிறேன். நாலு மாதம்! அது ஒன்றுக்காக யாராவது வேலையை விடுவார்களா என்று கேட்பீர்கள். விடமாட்டார்கள்தான். ஆனால் அவள் விரல் நீட்டிய இடம் அது.

மற்றதை அப்புறம் மெதுவாகச் சொன்னாள். ஒரு நைட், மணி இரண்டு இருக்கும், நரம்பு வழியாக மருந்தை அளவாக ஏற்றுகிற இன்ஃப்யூஷன் பம்ப் அலாரம் அடித்திருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் சீனியரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வந்தார், இரண்டு பட்டனை அழுத்தினார், சத்தம் நின்றது. “இதுகூட காலேஜில் சொல்லித் தரலையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளி திரும்பிப் பார்த்தாராம். அடுத்த வாரம் அதே பம்ப் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அவள் யாரையும் கூப்பிடவில்லை. சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு, எங்கே அடைப்பு என்று தெரியாமல் குழாயைத் தடவிக்கொண்டே இருபது நிமிடம் நின்றிருக்கிறாள். நல்லவேளை, அதில் ஓடியது வெறும் சலைன். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிற மருந்தாக இருந்திருந்தால் அந்த இருபது நிமிடத்தை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அந்த சீனியர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவர் கையில் பதினோரு நோயாளிகள். அவருக்கும் யாரோ இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கும்தான். “நாங்கள் எல்லாம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டோம்” என்று நானே பல தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள் மட்டும்தான் அதைச் சொல்ல இங்கே மிச்சம் இருக்கிறோம், விட்டுவிட்டுப் போனவர்கள் யாரும் வந்து சொல்லப் போவதில்லை என்பது எனக்குப் புரிய இவ்வளவு வருடம் ஆயிற்று.

ஏமி எட்மண்ட்சன் என்கிற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையான வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தார். கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழு என்று பெயரெடுத்த வார்டுகளில்தான் பதிவான தவறுகள் அதிகம். அங்கே தவறு அதிகமாக நடந்ததால் இல்லை, நடந்ததை பயமில்லாமல் வெளியே சொன்னதால் என்பது அவர் கண்ட விளக்கம். பம்ப் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொரு விஷயம், காலக்கணக்கு. மார்லீன் கிராமர் என்கிற நர்ஸிங் ஆய்வாளர் 1974லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். புதிதாக வரும் நர்ஸுக்கு முதல் சில வாரம் எல்லாமே நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், அப்புறம்தான் படித்ததற்கும் வார்டில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி ஓங்கி அறையும், ஆள் சுருண்டுபோவது அப்போதுதான். நாங்கள் என்ன செய்கிறோம்? முதல் சில வாரம் ஓரியன்டேஷன், சுற்றிக் காட்டுவது, சிரித்த முகம். அறை விழுகிற சமயம் பார்த்து, “சரி, இனிமேல் நீ தனியாகப் பார்த்துக்கொள்” என்று தனி கேஸ்களைக் கொடுத்துவிடுகிறோம். நர்ஸிங் ஆய்வாளர் பாட்ரீஷியா பென்னர் 1984இல் எழுதியதை எடுத்துக்கொண்டால், ஒரு நர்ஸ் ஒரே மாதிரி வேலையில் இரண்டு மூன்று வருடம் நின்ற பிறகுதான் தேறியவர் ஆகிறார். நாம் கொடுப்பது இரண்டு மூன்று மாதம்.

அந்தப் பெண் போன பிறகு எங்கள் வார்டில் சிலதை மாற்றினோம். பெரிய திட்டம் எதுவும் இல்லை. புதிதாக வருகிறவருக்கு ஒரே ஒரு சீனியர் துணை, இருவருக்கும் ஒரே ஷிஃப்ட், குறைந்தது எட்டு வாரம். தினமும் வேறு வேறு ஆளோடு போட்டால் ஒருத்தர் கையுறையை இப்படிக் கழற்று என்பார், இன்னொருத்தர் அப்படி என்பார், புதியவருக்குத் தலை சுற்றும், யாருக்கும் அவரைத் தெரியவும் தெரியாது. துணை நிற்கும் சீனியருக்கு நோயாளிகள் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டு மல்லுக்கட்டியதுதான் இதில் கஷ்டமான பகுதி. பாதிதான் கிடைத்தது. ஆனால் அது இல்லாமல் ‘துணை’ என்று போர்டு மாட்டுவதில் அர்த்தமே இல்லை, பதினோரு நோயாளிகளைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் பொறுமையாகச் சொல்லித் தரமாட்டார்கள், நானும் மாட்டேன்.

ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கிற ஹேண்ட்ஓவரில் புதியவர் கடைசியில் நின்று குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்ப்பது வழக்கம். இப்போது கட்டில் பக்கத்தில் அவரை நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். “ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், அதனால் “இந்த கேஸில் உனக்கு எது பயமா இருக்கு?” என்று கேட்கிறோம். வார்டில் யாராவது இறந்துபோனால், அது புதியவர் பார்த்த நோயாளி என்றால், உடனே அடுத்த கட்டிலைத் தயார் செய்யச் சொல்லாமல் பத்து நிமிடம் ஒருத்தர் அவரோடு உட்காருகிறோம். முதல் சாவு யாருக்கும் மறக்காது. எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதும் மறக்கவில்லை.

பக்கத்து வார்டில் ஆள் குறைந்தால் இங்கிருந்து ஒருத்தரை அனுப்ப வேண்டும், அப்படி அனுப்பப்படுவது எப்போதும் புதியவர்தான், ஏனென்றால் அவர் எதிர்த்துப் பேசமாட்டார். சொந்த வார்டிலேயே பஞ்சு எந்த அலமாரியில் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறவரைத் தெரியாத வார்டுக்குத் தள்ளினால், நீ எங்கள் ஆள் இல்லை என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இப்போது எங்கள் வார்டில் புதியவரை முதல் ஆறு மாதம் அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறோம். சீனியர்கள் முணுமுணுத்தார்கள். இன்றைக்கும் முணுமுணுக்கிறார்கள்.

குழு உணர்வு என்றதும் நிர்வாகங்கள் பிறந்தநாள் கொண்டாட்டம், வாட்ஸ்அப் குரூப், குரூப் போட்டோ என்று இறங்கிவிடுகின்றன. இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் “நாம எல்லாம் ஒரே குடும்பம்” என்று அழைப்பு வந்தால் அதற்கு அடுத்த வரி டபுள் டியூட்டியாகத்தான் இருக்கும் என்பது எந்த நர்ஸுக்கும் தெரியும். ஆள் போடாமல் பாசத்தை வைத்து ஒப்பேற்றும் வேலை இது. நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா எய்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் கையில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸ் மனம் களைத்துப்போகும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடுவது தெரிந்தது. அதனால் நான் சொல்வதை ஆட்களை எடுப்பதற்கு மாற்றாக யாரும் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆளும் வேண்டும், வந்த ஆளுக்கு வார்டில் ஓர் இடமும் வேண்டும்.

நாங்கள் செய்தது பலித்ததா என்றால், அதற்குப் பிறகு சேர்ந்தவர்களில் இருவர் போனார்கள், ஒருத்தர் மேல்படிப்புக்கு, இன்னொருத்தர் காரணம் சொல்லவில்லை. மற்றவர்கள் இருக்கிறார்கள். ஒருத்தி இப்போது துணை சீனியராக நிற்கிறாள். போன மாதம் நைட்டில் பம்ப் அலாரம் அடித்தபோது புதிய பையன் ஓடி வந்தான். அவள் பட்டனைத் தொடவே இல்லை, “நீயே குழாயை ஊசி பக்கத்திலிருந்து பார்த்துக்கிட்டே வா, நான் இங்கேயே நிக்கிறேன்” என்றாள்.

அடுத்த வாரம் இரண்டு பேர் சேருகிறார்கள். அலுவலகத்திலிருந்து வந்த தாளில் ‘புதிய பணியாளர் - 2’ என்று மட்டும் இருக்கிறது. பெயர்களைக் கேட்டு இரண்டு தடவை போன் செய்துவிட்டேன், இன்னும் வரவில்லை. டியூட்டி லிஸ்டில் அந்த இரண்டு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். நாளைக்கு நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வார்டு இன்சார்ஜ் நர்ஸ்