எல்லா மாதக் கணக்கையும் சேர்த்துத் தேட வழி வேண்டும்

ஆசிரியருக்கு,

தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு எடைக் கணக்கு மென்பொருள் எழுதி விற்பவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு விண்ணப்பம். பழைய கணக்கை மாதத்துக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக (ஒவ்வொரு தகவலுக்கும் அது என்ன என்று பெயர்க் குறி போட்டு எழுதும் கோப்பு வகை) சேமித்துத் தருகிறார்கள், நல்லது. அத்தனை கோப்பிலும் சேர்த்துத் தேட ஒரு வசதியும் வைத்துத் தர வேண்டும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்கு இலை போடுகிறவர்கள் எல்லாரும் சிறு விவசாயிகள். பாகப்பிரிவினை என்றாலும் வருவார்கள், வங்கிக் கடன் என்றாலும் வருவார்கள். "சார், ஏழெட்டு வருஷமா நான் போட்ட இலை மாசவாரியா எத்தனை கிலோ?" தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையையும் நாங்கள் கொடுத்ததையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பவர்களும் உண்டு. கேட்பதில் தப்பே இல்லை. பதில் சொல்லத்தான் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, பார்த்து, காகிதத்தில் எழுதிக் கூட்ட வேண்டியிருக்கிறது.

நோட்பேடில் தேடினால் போதாதா என்பார்கள். ஒரே ஹட்டியில் (படுகர் ஊரில்) போஜன் என்ற பெயரில் நாலு பேர் இருப்பார்கள்; பெயரை வைத்துத் தேட முடியாது. உறுப்பினர் எண் 214 என்று தேடினால் 214 கிலோ எடை, 214 ரூபாய் உரப் பிடித்தம், 2140-ஆம் ரசீது எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். எது உறுப்பினர் எண், எது எடை என்று எக்ஸ்எம்எல்லில் தனித்தனியாக டேக், அதாவது பெயர்க் குறி, இருக்கிறது. அந்த டேக்கைச் சொல்லித் தேட முடியாவிட்டால் அத்தனை டேக்கும் எதற்கு?

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய சங்கதியும் இல்லை. எக்ஸ்எம்எல் 1998-லேயே வந்துவிட்டது. அதில் கேள்வி கேட்பதற்கென்றே எக்ஸ்கொயரி என்ற மொழியை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2007-ல் வெளியிட்டது. ஒரு போல்டரில் உள்ள கோப்பு அத்தனையையும் ஒரே தொகுப்பாக எடுத்துக்கொண்டு, 214-ன் எடையை மாதவாரியாகக் கூட்டச் சொல்ல அதில் சில வரிகள் போதும். ஜெர்மனியில் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பேஸ்எக்ஸ் மென்பொருள் இதைச் செய்கிறது. இலவசம்தான். இணையமும் வேண்டாம், மழைக்காலத்தில் எங்கள் ஊர் இணையம் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

பாலிடெக்னிக் படிக்கும் என் அக்கா மகன் அதை அலுவலகக் கணினியில் போட்டான். முதலில் கோப்புகள் ஏறவே இல்லை. பார்த்தால், ஒரு உரக்கடையின் பெயரில் 'அண்ட்' குறி (&). அந்தக் குறியை அப்படியே எழுதினால் எக்ஸ்எம்எல் செல்லாது, மாற்றி எழுத வேண்டும் என்பது பாலபாடம். மென்பொருள் எழுதியவர்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. அப்புறம் இன்னொரு வேடிக்கை. ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கோப்பின் தலைப்பில் நேம்ஸ்பேஸ் என்று ஒன்று, அதாவது டேக்குகள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று காட்டும் பெயர், சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிந்தைய மாதங்களில் ஒரு கிலோகூட வரவில்லை. பிழை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, சும்மா காலியாக நின்றது. விவரம் தெரியாதவர் பார்த்தால் அந்த விவசாயி இலையே போடவில்லை என்றுதான் எழுதிக் கொடுப்பார். கேள்வியில் அந்த நேம்ஸ்பேஸையும் சேர்த்த பிறகே கணக்கு முழுதாக வந்தது.

எல்லாத் தொழிற்சாலைக்கும் ஒரு அக்கா மகன் கிடைக்க மாட்டான். ஆகவே தேடும் வசதியை மென்பொருளிலேயே வைக்கட்டும். கோப்பின் அமைப்பை மாற்றினால் என்ன மாற்றினோம் என்று ஒரு பக்கம் எழுதித் தரட்டும். ஊட்டியிலும் குன்னூரிலும் டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் ஒன்று: டேலியிலிருந்தும் கணக்கை எக்ஸ்எம்எல்லாக எடுக்கலாம். பதிவு போடக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்தாமல், பல வருஷக் கோப்புகளைச் சேர்த்து வைத்துத் தேடவும் இரண்டு மூன்று வகுப்பு எடுத்தால் எங்களைப் போன்றவர்கள் கட்டணம் கொடுத்தே வருவோம்.

இப்படிக்கு,
ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்,
கோத்தகிரி.