பூனை, அணிலிடமிருந்து பாத்திகளைக் காக்க

மாடித்தோட்ட நண்பர்களுக்கு வணக்கம். நேற்று காலை என் தொட்டியில் இரண்டிலை விட்டிருந்த தண்டங்கீரை நாற்றுகள் வேரோடு புரண்டு கிடந்தன. ஓரத்தில் பூனையின் கால்தடம். பொலபொலவென்று காய்ந்த மண்தான் பூனையை இழுக்கிறது. விதைத்த கையோடு நீர் தெளித்து, கோழிவலையை (கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலை) மண்மீது படிய விரித்து, ஓரங்களில் கல் வையுங்கள். நாற்று கண்ணி வழியே வளர்ந்துவிடும்.

அணில் நைலான் வலையைக் கடித்துவிடும். அதனால் தக்காளி நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள்.

அந்துருண்டை, எலி விஷம், பசை அட்டை எதுவும் தயவுசெய்து வேண்டாம். அந்துருண்டை நஞ்சு; நாம் உண்ணும் கீரை வளரும் மண் அது! பூனை மலம் கழித்த மண்ணைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

என்னிடம் கோழிவலை மிச்சம் இருக்கிறது, வேண்டியவர்கள் கேளுங்கள்.