ஜெரோமுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள மகன் ஜெரோமுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. போனில் அனுப்பினால் நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், அதனால்தான் காகிதம்.

கிறிஸ்துமஸுக்கு நீ பேசாததைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. வேலை இருந்திருக்கும். ஷீபா போனும் அணைந்தே கிடந்தது. அதையும் கேட்கவில்லை.

சுறாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். அக்கா மகன் என் போனில் உங்கள் மேற்கு ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் சுறா வரைபடத்தைத் திறந்து கொடுத்திருக்கிறான். உடம்பில் கருவி மாட்டிய சுறா, கடலில் வைத்திருக்கும் இன்னொரு கருவியைக் கடந்தால் அதில் தெரியுமாம். நீ கடலில் இறங்குகிற காலை ஐந்து என்றால் இங்கே ராத்திரி இரண்டரை. இரண்டரைக்கு எழுந்து காட்டஸ்லோ பக்கம் ஏதாவது காட்டுகிறதா என்று பார்க்கிறேன். அம்மா திட்டுகிறாள். கருவி மாட்டாத சுறா எதில் தெரியும் என்று கேட்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2012ல் முல்லலூவில் உன்னைப் போலவே சர்ஃப் ஸ்கீ என்கிற ஒல்லியான துடுப்புப் படகில் போனவரைச் சுறா மோதித் தண்ணீரில் தள்ளி, படகைக் கடித்துப் போட்டதாமே. ஆள் பிழைத்துக்கொண்டார். 2023ல் ஸ்வான் ஆற்றுக்குள்ளேயே வந்து ஒரு சின்னப் பெண்ணைக் கொன்றிருக்கிறது. ஆற்றுக்குள்! 2024ல் உலகம் முழுக்க, சீண்டாமல் தானாக வந்து கடித்தது 47 பேரைத்தான் என்று நீ வந்திருந்தபோது சொன்னாய். நம் தெருவில் வருஷத்துக்கு அதைவிட அதிகம் பேரை நாய் கடிக்கிறது, சரி. ஆனாலும் மங்கல் நேரத்தில் போகாதே. செத்த திமிங்கலம் ஒதுங்கிய பக்கம் போகாதே. பறவை கூட்டமாக இறங்கி மீன் கொதிக்கிற இடத்தில் நிற்காதே. தனியாகப் போகாதே.

ராட்னஸ்ட் தீவிலிருந்து சொரெண்டோ வரை நீ துடுப்புப் போட்டு வந்த போட்டோவைப் பரோட்டாக் கடைக்காரர் வரை காட்டிவிட்டேன். "கடலுக்கே அனுப்பாமல் வளர்த்தீரே அண்ணாச்சி" என்று சிரித்தார். அவர் சொன்னது நிஜம்தான். துடுப்பு உன் கையில் படக்கூடாது என்றுதான் வல்லத்தை விற்றுப் படிக்க வைத்தேன். நீ அதே துடுப்பைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாய். முன்பு அனுப்பும் படங்களில் பக்கத்தில் நாலு படகாவது தெரியும். இப்போது வருவதில் வெறும் தண்ணீர். யார் கூட வருகிறார்கள் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் பூட்டனார் முத்துக்குளித்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் கரையில் உட்கார்ந்து சுறாவின் வாயைக் கட்டுவார். அவருக்குச் சிப்பியில் பங்கு உண்டு. அவர் இருந்தால்தான் குளியாட்கள் இறங்குவார்கள், வெள்ளைக்கார அதிகாரியும் சும்மா இருந்துவிடுவார். காற்றைக் கட்ட மட்டும் யாரையும் வைத்ததில்லை.

உங்கள் ஊரில் கோடைக்காலத்தில் மத்தியானம் வருகிற கடல்காற்று, டாக்டர் என்கிறீர்களே, அது ஆளைக் கரைக்குத்தான் தள்ளும். விடியற்காலையில் வீசும் கிழக்குக் காற்றுதான் மோசம். நம் கச்சான் மாதிரி, கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். கரையோரத்தில் தண்ணீர் தட்டையாக, சாதுவாகத் தெரியும். நீ கவிழ்ந்தால், ஆளில்லாத படகு நீந்துகிறவனைவிட வேகமாக ஓடும். படகோடு சேர்த்துக் காலில் கயிறு கட்டுகிறாயா? தனியாகப் போகாதே.

போன ஞாயிறு பால்சுறா கிடைத்தது. அம்மா புட்டு செய்தாள். சித்தி வழக்கம்போல மாடிக்குப் போய்விட்டாள். அந்த வாடை அடித்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. நாற்பது வருஷம் ஆகப்போகிறது.

சித்தப்பாவைச் சுறா கொண்டுபோனது என்றுதான் உனக்கும் சொல்லியிருக்கிறோம். நான்தான் அப்படிச் சொன்னேன். ஆடி மாதம், கச்சான். முந்தின ராத்திரி அந்தக் கடன் விஷயத்தில் அவனை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டேன். வெள்ளாப்பில் வந்து கதவைத் தட்டினான். "அண்ணே, மரம் இறக்கணும்" என்றான். மூன்று தரம் தட்டினான். நான் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். உன் அம்மா என் முதுகைத் தொட்டாள். அசையவில்லை. இரண்டு பேர் போகிற கட்டுமரத்தில் அவன் ஒருவனாகப் போனான். மூன்றாம் நாள் மரத்தை இழுத்து வந்தார்கள். பாய் சுருட்டியபடி இருந்தது. குனிந்து தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு பல் தடம் கிடையாது. வழுக்கி விழுந்திருப்பான், மரம் காற்றோடு போயிருக்கும். பிடித்து நிறுத்த இன்னொரு கை இல்லை. கரையில் சித்தி நின்றிருந்தாள். என்ன ஆச்சு மச்சான் என்று கேட்டாள். சுறா என்று வாயில் வந்துவிட்டது.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். ஷீபா விஷயத்தில் அன்றைக்கு மாடியில் நான் பேசியது அதிகப்படி. அதன் பிறகு நீ பேசவில்லை, நானும் கூப்பிடவில்லை.

நீ கடலுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. போகிறதுக்கு முன்னால் ஒரு போன் பண்ணு. எனக்கு இரண்டரை மணி என்று யோசிக்காதே, எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அந்தக் கால் கயிறு உப்பில் இற்றுப்போகும். வருஷம் ஒன்று மாற்று. பழையதை நம்பாதே.